குளவி கொட்டினா பில்லு யாருக்கு?

முதல்லயே ஸ்பாய்லர் எச்சரிக்கை. 'ஆண்டோர்' தொடரோட ரெண்டு சீசனையும் இன்னும் பார்க்காதவங்க இப்படியே யூ-டர்ன் அடிச்சுக் கிளம்பிடுங்க. யார் செத்தாங்க, எப்படிச் செத்தாங்கன்னு எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன். அப்புறம் வந்து திட்டக் கூடாது, சொல்லிட்டேன் :-)

(பேரைப் பார்த்துக் குழம்பாதீங்க. ஹீரோ பேரு காஸியன் ஆண்டோர். தமிழ்ல எழுதினா 'நாட்டை ஆண்டவங்க'ன்னு அர்த்தம் வந்து தொலைக்குது. ஆள்றவனை எதிர்க்கிற ஆளுக்கு இப்படி ஒரு பேர்! இந்த ஜோக்கை ரசிக்கத் தமிழ் தெரிஞ்சிருக்கணும்.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் ரெண்டு பேர் சேர்ந்தா முன்னெல்லாம் யாரோட வாள் என்ன கலரு, யாருக்கு யாரு அப்பன்னு பேசிட்டு இருப்பாங்க. 2022-ல 'ஆண்டோர்' முதல் சீசன் வந்ததுல இருந்து பேச்சே மாறிப் போச்சு. இப்ப வாயைத் திறந்தா கெரில்லா போர்முறைதான். (கொரில்லா இல்லீங்க, அது குரங்கு. இது ஸ்பானிஷ்ல 'குட்டிப் போர்'. நெப்போலியன் படையை ஸ்பெயின்காரங்க 1808-ல இருந்து 1814 வரைக்கும் மறைஞ்சு நின்னு அடிச்சப்போ ஊர் பூரா பரவின வார்த்தை.) தனி ஆளா ஒருத்தன் எப்படி ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் பார்க்கிறான், எந்த இடத்துல எந்த மூவ் அருமை, எங்கே சொதப்பினான்னு கிரிக்கெட் மேட்ச் முடிஞ்சப்புறம் ஓவர் ஓவரா அலசற மாதிரி அலசறாங்க.

தப்பு சொல்லலை. அலசறதுக்கு விஷயம் இருக்கு. நார்கினா 5 சிறையையே எடுத்துக்கோங்க. கைதிகளுக்குக் காலில் செருப்பு கிடையாது. தரை முழுக்க உலோகம், பட்டனைத் தட்டினா மின்சாரம் பாயும். காவலர்களுக்கு மட்டும் பூட்ஸ். அதனால துப்பாக்கி தூக்கிக் காட்டற வேலையே அங்கே அதிகம் இல்லை, தரைதான் ஜெயிலர். நம்ம ஆள் என்ன பண்றான்? கழிப்பறையில இருக்கிற தண்ணிக் குழாயை நாள்கணக்கா, யாருக்கும் தெரியாம, கொஞ்சம் கொஞ்சமா அறுக்கிறான். தண்ணி தரையில பரவினதும் ஷார்ட் சர்க்யூட். ஜெயிலரே அவுட்! அப்புறம் கைக்குக் கிடைச்ச உதிரிபாகம், ஸ்பேனர் எல்லாம் ஆயுதம். எதிரி எதை நம்பி அலட்சியமா இருக்கானோ அதைப் பிடுங்கு, மத்ததெல்லாம் தானா நடக்கும். இதைப் பத்தி ரசிகர்கள் மணிக்கணக்கா பேசறாங்கன்னா, நானும் அதுல ஒரு ஆள்தான்.

ஆனா இந்தப் பேச்சுல ஒரு கேள்வி மட்டும் வரவே மாட்டேங்குது. ஹீரோ அடிச்சுட்டுப் போயிடறான். பில்லை யார் கட்டறது?

இதைச் சொல்றதுக்கு ஒரு பழைய புத்தகத்துல இருந்து ஆரம்பிக்கணும். எரிக் ஃப்ராங்க் ரஸ்ஸல்னு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர். 1957-ல 'வாஸ்ப்'னு ஒரு அறிவியல் புனைகதை எழுதினாரு. வாஸ்ப்னா குளவி. ஓடிட்டு இருக்கிற காருக்குள்ள ஒரு குளவி புகுந்துடுது. கொட்டக் கூட வேண்டாம், கண்ணாடிக்கு முன்னாடி நொய்னு பறந்தாலே போதும். டிரைவர் பதறி வண்டியைக் கவுத்துடறான். அத்துனூண்டு பூச்சி, அம்மாம் பெரிய வண்டி, உள்ளே இருந்த நாலு பேரும் காலி. கதையோட ஐடியா அவ்வளவுதான். பூமிக்கும் சிரியஸ் சாம்ராஜ்யத்துக்கும் போர். எதிரிகிட்ட ஆளும் சாமானும் எக்கச்சக்கம். அதனால ஜேம்ஸ் மௌரின்னு ஒரே ஒரு ஆளுக்குத் தோலை ஊதா கலராக்கி, காதைக் கொஞ்சம் ஒட்டவச்சு, ஜைமெக்ங்கிற எதிரி கிரகத்துல கொண்டு போய் இறக்கி விடறாங்க. போய் நொய்னு பற, போ!

அவன் அடிக்கிற கூத்து இருக்கே... முதல் வேலை ஸ்டிக்கர் ஒட்டறது. கடைக் கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கரைப் பிய்ச்சுக் கழுவினா, எழுத்து கண்ணாடியையே அரிச்சு நிரந்தரமா நிக்கும். இல்லாத ஒரு புரட்சிக் கட்சிக்கு லெட்டர்பேடு. அதிகாரிகளுக்கு மிரட்டல் கடிதம். கட்சியில மொத்த உறுப்பினர் ஒருத்தன், தலைவரும் அவனே, போஸ்டர் ஒட்டறதும் அவனே! ரகசியப் போலீஸுக்கு 'கைட்டெம்பி'ன்னு பேரு. அவங்க இந்த ஒத்தை ஆளைப் பிடிக்கத் தெருத்தெருவா மறிச்சு, வீடுவீடாப் புகுந்து, நாட்டையே ஸ்தம்பிக்க வைக்கிறாங்க. படிக்கிறப்போ வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

சிரிச்சு முடிச்சப்புறம்தான் உறைச்சது. அந்த ஜைமெக் ஜனங்களைப் பத்தி புத்தகத்துல ஒரு கவலையும் கிடையாது. சோதனைங்கிற பேர்ல பிடிச்சுட்டுப் போனவங்க என்ன ஆனாங்க? ஒட்டாத ஸ்டிக்கருக்கு அடி வாங்கினவன் யாரு? ரஸ்ஸலுக்கு அது முக்கியமே இல்லை, அவங்க எதிரி ஊர்க்காரங்க, அவ்வளவுதான். இந்தக் கதையைத் திரைக்கதையா எழுத ஆரம்பிச்ச நீல் கெய்மன், 2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் அதைக் கைவிட்டாரு. ஊருக்குள்ள மறைஞ்சிருந்து பீதி கிளப்பற ஒருத்தனை ஹீரோவா வச்சு நகைச்சுவை பண்றது அந்த வருஷம் எப்படி முடியும், சொல்லுங்க.

தனி ஆள் கெரில்லாவோட உண்மையான ஆயுதம் குண்டு இல்லை, எதிராளியோட கோபம். குளவிக்கு எடை கிடையாது. காரோட எடையே காரைக் கவுக்குது. இதை மேதாவித்தனம்னு நாம கைதட்டறோம். ஆனா காருக்குள்ள டிரைவர் மட்டும்தான் இருக்காரா?

'ஆண்டோர்' எனக்கு இவ்வளவு பிடிச்சதுக்குக் காரணமே, பின்சீட்டுல உட்கார்ந்திருக்கவங்களையும் அது திரும்பிப் பார்க்குதுங்கிறதுதான்.

அல்தானி கொள்ளை ஞாபகம் இருக்கா? ஒரு வட்டாரம் முழுக்க இருக்கிற ராணுவத்துக்கான சம்பளப் பணம், 8 கோடி கிரெடிட், அணைக்குள்ள இருக்கிற முகாம்ல இருந்து அள்ளிட்டுப் போறாங்க. வானத்துல எரிகல் மழை பொழியற ராத்திரி, உள்ளூர் ஜனங்க அதைக் கும்பிட வர்ற நாள், அந்தக் குழப்பத்துல தப்பிக்கிறாங்க. இளம் வயசு ஸ்டாலின் நடத்தின வங்கிக் கொள்ளைதான் தனக்கு உந்துதல்னு தொடரை உருவாக்கின டோனி கில்ராய் பேட்டியில சொல்லியிருக்காரு. 1907 ஜூன்ல டிஃப்ளிஸ் நகரச் சதுக்கத்துல பட்டப்பகல்ல குண்டு வீசி வங்கிப் பணத்தை அடிச்சாங்க போல்ஷ்விக்குகள். அதுல ஒரு வேடிக்கை. பெரிய நோட்டோட சீரியல் நம்பர் எல்லாம் போலீஸ் கையில இருந்துச்சு. மாத்தப் போனவங்க ஐரோப்பாவுல அங்கங்கே மாட்டினாங்க. ஆனா சதுக்கத்துல விழுந்த குண்டு சீரியல் நம்பரா பார்த்துச்சு? வண்டிக்குக் காவல் வந்தவன், வேடிக்கை பார்க்க நின்னவன் எல்லாம் சேர்ந்துதான் செத்தான்.

அல்தானிக்கு அப்புறம் என்ன ஆச்சு? சாம்ராஜ்யம் உடனே ஒரு புதுச் சட்டம் போடுது. சின்னக் குற்றத்துக்கெல்லாம் வருஷக்கணக்குல தண்டனை. கூடவே கலகக்காரங்களுக்கு இடம் குடுத்த வட்டாரங்களுக்குப் புது வரி. கொள்ளையில தன் பங்கை வாங்கிட்டு, வேற பேர்ல, ஒரு கடற்கரை ஊர்ல ஜாலியா திரியறான் காஸியன். கடைக்கு நடந்து போறப்போ ஒரு சிப்பாய் பிடிச்சுக்கிறான். ஒண்ணுமே பண்ணலை. ஆறு வருஷம்! எதனால? அவனே பண்ணின கொள்ளையினால வந்த சட்டத்தால. அந்த ஆறு வருஷத்தைக் கழிக்கத்தான் நார்கினா 5-க்குப் போறான். நாம விழுந்து விழுந்து ரசிக்கிற தண்ணிக் குழாய் டெக்னிக் இருக்கே, அது அவனோட பில்லை அவனே கட்டின இடம்.

ஆனா அவன் ஒருத்தன். அந்தச் சிறையில மொத்தம் 5,000 பேர். மத்தவங்கள்ல எத்தனை பேர் அதே சட்டத்துல உள்ளே வந்தவங்க? அவங்க யாருக்கும் 8 கோடியில காலணா கூட வரலை. தண்டனை முடிஞ்சவனையும் வெளியே விடாம வேற தளத்துக்கு மாத்தறாங்கன்னு தெரிஞ்சு போன ஒரு தளத்தை அப்படியே சாகடிக்கிறாங்க. கதவைத் திறந்து கடல்ல குதிக்கிற நேரத்துல, எல்லாரையும் கிளப்பி விட்ட கினோ லாய் நீச்சல் தெரியாதுன்னு நிக்கிறாரு பாருங்க. நெஞ்சை என்னவோ பண்ணிடுச்சு.

லூத்தன் ரேலுக்கு வருவோம். ரசிகர்களோட செல்லம். பகல்ல விக் வச்சுக்கிட்டு, மோதிரம் போட்டுக்கிட்டு, பணக்காரங்களுக்குப் பழம்பொருள் விக்கிற வியாபாரி. ராத்திரியில தனி ஆளா மொத்தக் கலகத்தையும் பின்னுக்கு இருந்து நடத்தறவரு. அல்தானி திட்டமே இவரோடது. ஜனங்க கஷ்டப்படப் போறாங்களேன்னு செனட்டர் மோன் மோத்மா வந்து பதறும்போது, அதுதானே வேணும்ங்கிற தொனியில பதில் சொல்றாரு. சாம்ராஜ்யம் மெதுவா இறுக்கினா ஜனங்க பழகிக்குவாங்க, சட்டுனு இறுக்கினாத்தான் திமிறுவாங்க. இது அவரோட கணக்கு.

ஆபீஸ்ல என்னோட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் லூத்தனோட பரம ரசிகர். "பாஸ், கணக்கு கரெக்டா வந்துச்சா இல்லையா? கடைசியில டெத் ஸ்டார் வெடிச்சுதா இல்லையா? அப்புறம் என்ன?"ன்னு கேட்டாரு. டீ ஆறிப் போற வரைக்கும் பேசினோம். கணக்கு கரெக்ட்தான். என் கேள்வி, கணக்கு போட்ட பேனா யார் கையில இருந்துச்சுங்கிறது. தன் உயிரை வச்சு ஆடறவன் தியாகி. அடுத்தவன் உயிரை, அவனைக் கேட்காம வச்சு ஆடறவனுக்கு என்ன பேரு? உளவாளி லானி மாட்டிக்கக் கூடாதுங்கிறதுக்காக க்ரீகரையும் அவன் கூட்டத்தையும் பொறின்னு தெரிஞ்சே அனுப்பறாரு லூத்தன். தடுத்திருக்கலாம், ஒரு வார்த்தை போதும். "அது போர் பாஸ்"ன்னாரு நண்பர். போர்தான். க்ரீகருக்கும் அது தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

இது கற்பனைக் கதை, இதுக்கு ஏன் இவ்வளவு சீரியஸ்னு கேக்கறவங்களுக்கு ஒரு நிஜக் கதை.

1942. செக் நாட்டை ஹிட்லர் சார்பா ஆண்டுட்டு இருந்தவன் ரைன்ஹார்ட் ஹைட்ரிக். யூதர்களை மொத்தமா அழிக்கிற திட்டத்தோட முக்கியமான மூளை. அவனைக் கொல்ல லண்டன்ல இருந்த செக் அரசாங்கம் ஆள் அனுப்புது. பிரிட்டன்ல பயிற்சி எடுத்து, பாராசூட்ல குதிச்ச கப்சிக், குபிஷ்னு ரெண்டு பேர். மே 27 அன்னைக்கு பிராகா நகரத்துல ஒரு வளைவுல கார் மெதுவாகுற இடமா பார்த்து நிக்கிறாங்க. கப்சிக்கோட ஸ்டென் துப்பாக்கி சுடாம மக்கர் பண்ணிடுது. குபிஷ் குண்டை வீசறாரு. ஜூன் 4 ஹைட்ரிக் சாவு. தனி ஆள் கெரில்லா கதைகளுக்கெல்லாம் தாத்தா இந்தக் கதை. சினிமாவா பலமுறை வந்தாச்சு.

ஜூன் 10, லிடிட்செங்கிற கிராமத்தை ஜெர்மன்காரங்க சுத்தி வளைச்சாங்க. கொன்னவங்களுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆம்பளைங்க 173 பேரை ஒரு பண்ணைச் சுவர்ப் பக்கம் நிறுத்திச் சுட்டுட்டாங்க. பொம்பளைங்களை வதைமுகாமுக்கு அனுப்பினாங்க. குழந்தைங்கள்ல 82 பேரை விஷவாயு வச்சே கொன்னாங்க. ஊரைக் கொளுத்தி, வெடி வச்சு, தரைமட்டமாக்கினாங்க.

இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் ஒண்ணு இருக்கு. கொலைக்கு முன்னாடியே, மே மாசம், செக் நாட்டுக்குள்ள இருந்த எதிர்ப்பு இயக்கத்துக்காரங்க லண்டனுக்கு ரேடியோவுல கெஞ்சியிருக்காங்க. வேண்டாம், இதைச் செஞ்சா இங்கே ஆயிரக்கணக்குல சாவாங்க, எங்க இயக்கமே அழிஞ்சிடும்னு. அவங்க ஒண்ணும் கோழைங்க இல்லை, தினம் தினம் உயிரைக் கையில பிடிச்சுட்டு இருந்தவங்க. ஆனா முடிவெடுத்தது லண்டன். பில் வந்தது லிடிட்செக்கு.

'ஆண்டோர்' ரெண்டாவது சீசன்ல (2025) கோர்மன் கிரகத்துக் கதை வருதே, அதுல இதே காட்சி இருக்கு பாருங்க. துணி வடிவமைப்பாளர் வேஷத்துல போய் கோர்மன் எதிர்ப்புக் குழுவைப் பார்த்துட்டு வர்ற காஸியன், இவங்க இன்னும் தயாரா இல்லை, இப்ப இதைச் செய்யாதீங்கன்னு லூத்தன்கிட்ட சொல்றான். நேர்ல போய்ப் பார்த்தவன் சொல்றான். லூத்தன் கேக்கலை. எரிஞ்சா எரியட்டும், வெளிச்சமாவது கிடைக்கும்ங்கிற கணக்கு. முதல் சீசன் முழுக்க லூத்தன் ஏவின இடத்துக்குப் போய்ட்டு இருந்த அதே காஸியன்தான். அவனுக்குள்ள எதோ ஒண்ணு வளர்ந்திருக்கு. குறி தப்பாம சுடறதைப் பேசற ரசிகர்கள் இந்த வளர்ச்சியைப் பேசினா எவ்வளவு நல்லா இருக்கும்!

கோர்மன்ல இன்னொரு அடுக்கும் இருக்கு, அதைத்தான் நான் ரொம்ப ரசிச்சேன். பயந்தும் போனேன். டெத் ஸ்டார் கட்டறதுக்கு கோர்மன் மண்ணுக்கடியில இருக்கிற கல்கைட் சாம்ராஜ்யத்துக்கு வேணும். தோண்டினா கிரகமே நாசமாகலாம். ஜனங்களை எப்படி அப்புறப்படுத்தறதுன்னு க்ரென்னிக் ரகசியக் கூட்டம் போடறான். பிரசாரம் பண்ணலாம், கோர்மன்காரங்களைத் திமிர் பிடிச்சவங்கன்னு காட்டலாம்னு யோசனை வருது. உளவுத்துறை அதிகாரி டெட்ரா மீரோ சொல்றா, அது போதாது, நமக்குத் தோதா தப்பு பண்ணக் கூடிய கலகக்காரங்க வேணும்னு. அதாவது, குளவி வேணும்ங்கிறா! காரே ஜன்னலைத் திறந்து வச்சுக் குளவியைக் கூப்பிடுது.

அப்புறம் நடக்கிறது எல்லாம் அந்த ஸ்கிரிப்ட்படிதான். சிரிலை உள்ளே அனுப்பி வேவு பார்க்கிறாங்க. எதிர்ப்புக் குழு ஆயுதம் கடத்த வழி விடறாங்க. அந்தக் கடத்தல்லயே தங்கள் ஆள் கையில இருந்த துப்பாக்கி வெடிச்சு சிந்தா சாகிறா. எவ்வளவு பெரிய போராளி, எவ்வளவு அற்பமான சாவு. கடைசியா சதுக்கத்துல ஜனங்க கூடிப் பாடிட்டு நிக்கிறப்போ, கூரை மேல இருக்கிற சாம்ராஜ்யத்தோட துப்பாக்கிக்காரனே தங்கள் சிப்பாய் ஒருத்தனைச் சுட்டுச் சாய்க்கிறான். அது போதும். படுகொலை ஆரம்பம்.

மௌரியோட ஸ்டிக்கர் வேலையை எதிராளியே பண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்னு ரஸ்ஸல் 1957-ல யோசிக்கலை. தெருவுல நடக்கிற ஒரு வன்முறையைப் பார்த்தா, செஞ்சது யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடி, இது யாருக்குத் தேவைப்பட்டுதுன்னு கேக்கணும்ங்கிறதை எனக்குப் பாடம் எடுத்தது இந்த ஸ்டார் வார்ஸ் தொடர்தான்னா நம்புவீங்களா? பொம்மை விக்கிறதுக்குப் படம் எடுக்கறாங்கன்னு சொல்லிட்டு இருந்த ஆளுங்க நாம :-)

ஆனா இதுலயே என் நண்பருக்கும் ஒரு பிடி கிடைச்சிடுச்சு. "பாருங்க பாஸ், கோர்மன்காரன் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தாலும் க்ரென்னிக் விட்டிருப்பானா? கல்கைட் வேணும், அவ்வளவுதான். எதிர்த்தாலும் சாவு, எதிர்க்கலைன்னாலும் சாவு. அப்ப பில்லு பில்லுன்னு நீங்க சொல்றது யாரைக் குத்தம் சொல்ல?"

நியாயமான கேள்வி. ஹைட்ரிக் விஷயத்துலயும் இதே வாதம் உண்டு. அவன் உயிரோட இருந்தா இன்னும் எத்தனை லட்சம் பேருக்கு நாள் குறிச்சிருப்பான்? அவனைக் கொன்னப்புறம்தான், 1942 ஆகஸ்ட்ல, செக் நாட்டைத் துண்டு போட்ட 1938 மியூனிக் ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாதுன்னு பிரிட்டன் அறிவிச்சுது. சும்மா இருந்திருந்தா பில்லே வந்திருக்காதுன்னு சொல்றது பச்சைப் பொய். லிடிட்செக்காரங்களைச் சுட்டது ஜெர்மன்காரன், குபிஷ் இல்லை. இதுல எனக்குக் குழப்பமே கிடையாது. குளவியைத் திட்டிட்டு, காரை ஏத்திக் கொன்னவனை விட்டுடற புத்திசாலிங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அந்த வரிசையில நான் நிக்கலை.

நான் சொல்றது சின்ன விஷயம்தான். எதிர்க்கறதா வேண்டாமாங்கிற கேள்வியைத் தூரத்துல இருக்கிற ஒரு கெட்டிக்காரன் தனியா முடிவு பண்ணக் கூடாது. சாகப் போறவனுக்கு அந்தக் கூட்டத்துல ஒரு நாற்காலி வேணும்.

இந்த 'தனி ஆள்'ங்கிற பேச்சே பாதி பொய்ங்கறதும் இதுல சேர்த்தி. கெரில்லா மீன், ஜனங்க தண்ணின்னு மாவோ சொன்னதா எல்லா ரசிகரும் ஒப்பிப்பாங்க. சரி, மீனைப் பிடிக்க முடியலைன்னா தண்ணியை இறைக்க மாட்டானா? தென்னாப்பிரிக்காவுல 1900-ல இருந்து 1902 வரைக்கும் பிரிட்டிஷ்காரன் அதைத்தான் பண்ணினான். குதிரை மேல வந்து அடிச்சுட்டு மறையற போயர் படைங்களைப் பிடிக்க முடியலை. பண்ணைங்களைக் கொளுத்தி, பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் முகாம்ல அடைச்சான். அந்த முகாம்கள்ல செத்தவங்க சுமார் 28,000 பேர், பெரும்பாலும் குழந்தைங்க. கறுப்பின மக்களுக்குத் தனி முகாம், அங்கே செத்தவங்களை யாரும் ஒழுங்கா எண்ணக் கூட இல்லை. சண்டையே அவங்களோடது இல்லை, பில்லு மட்டும் வந்துச்சு.

பில்லு போர் முடிஞ்சும் வரும். இதைச் சொன்ன இன்னொரு தொடர் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. 2006-ல மூணாவது சீசன் ஆரம்பத்துல, சைலான்கள் ஆக்கிரமிச்ச நியூ காப்ரிக்காவுல கர்னல் டை தற்கொலைத் தாக்குதலுக்கு ஆள் அனுப்புவாரு. இராக் போர் நடந்துட்டு இருந்த நேரம். அமெரிக்கத் தொலைக்காட்சியில, ஆக்கிரமிக்கப்பட்டவன் பக்கம் கேமராவை வச்சு இப்படி ஒரு கதை எடுத்த தைரியத்துக்கே ஒரு சல்யூட். ஆனா எனக்கு மறக்காதது தப்பிச்சு வந்தப்புறம் நடக்கிறது. எதிரிக்கு வேலை பார்த்தவங்களை ஆறு பேர் கமிட்டி ரகசியமா விசாரிச்சு, விண்கலத்துக் கதவு வழியா வெளியே தள்ளிக் கொல்றாங்க. கேட்டா, நீதி. அந்த வரிசையில கேட்டாவையும் முழங்கால் போட வச்சிடறாங்க. ஆக்கிரமிப்பு ஆபீஸ்ல உட்கார்ந்துட்டே, நாய்க்குச் சோறு வைக்கிற கிண்ணத்தைக் கவுத்து வச்சு சிக்னல் கொடுத்து, எதிர்ப்பு இயக்கத்துக்குத் தகவல் கொடுத்துட்டு இருந்தவன் அவன்தான். கிண்ணத்தைப் பத்தி அவன் சொல்லப் போய், தகவலை வாங்கிட்டு இருந்த ஆளே அங்கே நின்னதால தப்பிக்கிறான். ஒரு நாய்க்கிண்ணம் குறுக்கே வரலைன்னா முடிஞ்சது கதை. ரகசியமா வாழப் பழகின கூட்டம், ரகசியமாக் கொல்லவும் பழகிக்குது.

லூத்தனுக்கும் கடைசியில அதே கதிதான். வருஷக்கணக்கா உயிரைப் பணயம் வச்சு டெத் ஸ்டார் ரகசியத்தைக் கொண்டு வந்து கொடுக்கிற லானியைத் தன் கையாலேயே முடிக்கிறாரு. அப்புறம் மாட்டிக்கிற நேரத்துல தன்னையே குத்திக்கிறாரு. ஆஸ்பத்திரியில உசுரோட இருந்தா பேச வச்சிடுவாங்கன்னு, மகள் மாதிரி வளர்த்த க்ளேயா உள்ளே புகுந்து வந்து அவரோட கருவியை நிறுத்தறா. அந்த எபிசோடுலதான் அவரோட பழைய கதை வருது. ஒரு காலத்துல இதே சாம்ராஜ்யத்துச் சிப்பாய், ஒரு ஊரையே அழிச்ச படையில இருந்தவரு, அங்கே தப்பின குழந்தைதான் க்ளேயா. அந்தக் குழந்தையைப் பக்கத்துல உட்கார வச்சு, தூரத்துல ஒரு பாலம் வெடிக்கிறதைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறாரு. நல்லவரா கெட்டவரான்னு 'நாயகன்' படத்துப் பேரன் மாதிரி கேட்டுட்டே இருக்கலாம், எனக்கும் தெரியலை. ஆனா தன் பில்லைத் தானே கட்டினாரு, அதை ஒத்துக்கறேன்.

இனிமே நீங்க யாராவது கூடி உட்கார்ந்து கோர்மன் எபிசோடை அலசறதா இருந்தா, எனக்காக ஒரு ஆளைப் பத்தியும் பேசுங்க. சதுக்கத்தைப் பார்த்த மாதிரி இருக்கிற ஹோட்டல்ல வேலை பார்க்கிற பையன், பேரு தேலா. ரொம்ப வருஷம் முன்னாடி அதே சதுக்கத்துல நடந்த இன்னொரு படுகொலையில அப்பாவைப் பறிகொடுத்தவன். காஸியன் வேற பேர்ல திரும்பி வந்து நிக்கிறப்போ, அடையாளம் தெரிஞ்சும் காட்டிக் கொடுக்காதவன். நம்பிக்கையிலதான் கலகம் நிக்கும்ங்கிற மாதிரி ஒரு வார்த்தையைப் போற போக்குல அவன்தான் சொல்றான். பின்னாடி காஸியன் 'ரோக் ஒன்'ல (2016-லயே வந்த படம், கதைப்படி அடுத்து வர்றது) அதையே சொல்லி கைதட்டு வாங்கிக்குவான். காஸியன் அன்னைக்கு அந்தச் சதுக்கத்துல இருந்து தப்பிச்சுட்டான். அப்புறம் கேமரா அந்த ஹோட்டல் பக்கம் திரும்பவே இல்லை. தேலா என்ன ஆனான்னு நண்பர்கிட்ட கேட்டேன். "யாரு பாஸ் அது?"ன்னாரு.